ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்கா, சீட்டுக்கு ஷேக்கரா? டிசிஎஸ்-க்கு எதை முதல்ல வாங்கறது

ஒத்தைஎஞ்சின்:
வணக்கம் மக்களே, டிசிஎஸ் ஃப்ளைட் சிமுலேட்டர் கேம்ல நான் அதிகம் ஓட்றது ஹியூயி ஹெலிகாப்டரும் ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் ஃபைட்டர் 109 கே-4ம்தான், எப்பவாச்சும் எஃப்-16 ஜெட். இப்ப இருக்கறது சாதா ஸ்ப்ரிங் ஸ்டிக். ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக் வாங்கலாம்னு பாத்தா வெல தூக்கிவாரிப் போடுது. அதுக்கு பதிலா சேர் அடியில ஒரு பேஸ் ஷேக்கர் (சத்தத்துக்கு பதிலா அதிர்வு குடுக்கற ஸ்பீக்கர் மாதிரி) மாட்டிட்டா போதும், ரெண்டும் ஒண்ணுதான்னு ஃப்ரெண்ட் சொல்றான். நெசமாவா?

வால்சுழி:
ரெண்டும் ஒண்ணு இல்ல ப்ரோ. ஷேக்கர் உங்கள ஆட்டும், அவ்ளோதான். ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்ல மோட்டார் உங்க கைய எதுத்து தள்ளும், அதுவும் வேகத்துக்கு தகுந்த மாதிரி. 109ல டைவ் அடிச்சு வேகம் ஏறஏற எலிவேட்டர் (மூக்க மேல கீழ ஆட்ற வால் மடல்) இறுகிக்கிட்டே போகும், நிஜ ப்ளேன்லயும் அதுக்கு பேர்போன சமாச்சாரம் அது. ஸ்ப்ரிங் ஸ்டிக்ல 200 கிமீ வேகத்துலயும் அதே கனம் 700லயும் அதே கனம், ப்ளேன் ஏன் திரும்ப மாட்டேங்குதுன்னு கைக்கு தெரியவே தெரியாது. ட்ரிம்மும் (கையால அழுத்திப் பிடிக்காமலே ப்ளேன் நிலையா போக செட் பண்றது) அப்படித்தான், ட்ரிம் வீல சுத்தினா ஸ்டிக்கோட நடு இடமே நகரும்.

ஹியூயிதான் பெரிய வித்தியாசம். நிஜ ஹெலிகாப்டர்ல ஃபோர்ஸ் ட்ரிம் பட்டன அமுக்குனா மேக்னெட்டிக் பிரேக் விட்டுடும், ஸ்டிக்க வேணுங்கற எடத்துல வச்சு பட்டன விட்டா அங்கயே நிக்கும். ஸ்ப்ரிங் ஸ்டிக்ல ட்ரிம் அமுக்கிட்டு கைய அவசரமா நடுவுக்கு கொண்டுவரணும், அந்த நேரத்துல ஹெலிகாப்டர் ஒரு குதி குதிக்கும் பாருங்க, கடுப்பா இருக்கும்.

எஃப்-16க்கு மட்டும் இதெல்லாம் தண்டம். ஃப்ளை பை வயர், அதாவது ஸ்டிக்லருந்து கம்ப்யூட்டருக்கு சிக்னல்தான் போகும், காத்தோட அழுத்தம் கைக்கு வரவே வராது. ஆரம்பத்துல வந்த ஸ்டிக் அசையவே அசையாது, அழுத்தத்த மட்டும் அளக்கும், அப்புறம்தான் கொஞ்சூண்டு அசையற மாதிரி மாத்துனாங்க.

இரும்புக்கழுகு:
வால்சுழி சொல்றது சரிதான், ஆனா ஷேக்கர இவ்ளோ மட்டமா பேசாதீங்க 😄 ஷேக்கர எத வச்சு ஓட்றீங்கங்கறதுலதான் விஷயம். கேமோட சவுண்ட அப்படியே ஆம்ப்ளிஃபையருக்கு குடுத்தா லோ பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த சத்தத்த மட்டும் விடறது) போட்டாலும் எஞ்சின் சத்தம் எந்நேரமும் முதுக கடஞ்சுக்கிட்டே இருக்கும், பத்து நிமிஷத்துல மரத்துப்போயிடும். டெலிமெட்ரில, அதாவது கேம் வெளிய அனுப்பற ப்ளேன் டேட்டாவ வச்சு ஓட்டுனா கதையே வேற. சிம்ஷேக்கர் மாதிரி சாஃப்ட்வேர் டிசிஎஸ்-ஓட எக்ஸ்போர்ட் ஸ்க்ரிப்ட் வழியா கியர், ஃப்ளாப், ஆங்கிள் ஆஃப் அட்டாக் (இறக்கை எதிர்காத்த சந்திக்கிற கோணம்), துப்பாக்கி எல்லாத்தையும் தனித்தனியா வாங்கும். ஐஎல்-2ங்கற இன்னொரு சிமுலேட்டர் ஓட்றவங்களுக்கு ஸ்டார்ட்அப் சிஎஃப்ஜி ஃபைல்ல டெலிமெட்ரிய ஆன் பண்ணணும்.

துப்பாக்கி எஃபெக்ட் செட் பண்றப்ப ஒரு கணக்கு போட்டுக்கங்க. ஏ-10 தாக்குதல் விமானத்தோட பீரங்கி நிமிஷத்துக்கு 3900 ரவுண்டு, அப்ப செகண்டுக்கு 65, அது தனித்தனி அடியா தெரியாது, ஒரே உறுமல்தான். உங்க கே-4ல இருக்கற எம்கே 108 பீரங்கி நிமிஷத்துக்கு சுமார் 650, செகண்டுக்கு பதினொண்ணு, ஒவ்வொரு குண்டும் தொம் தொம்னு முதுகுல விழும். ஒரே செட்டிங்க ரெண்டுக்கும் போட்டா ரெண்டுமே போலியா இருக்கும்.

அப்புறம் அபார்ட்மென்ட்ல இருந்தா சேர் காலுக்கு அடியில ரப்பர் பேட் போட்டுடுங்க, கீழ்வீட்டு ஆன்ட்டிக்கும் டாக்ஃபைட் கேக்க வேணாம்.

பழையசைட்விண்டர்:
பட்ஜெட் இல்லன்னா பழைய மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, யுஎஸ்பிதான், இன்னைக்கும் டிசிஎஸ்ல வேல செய்யுது. வோல்டேஜ் லேபிள பாக்காம வெளிநாட்லருந்து வாங்கி நேரா ப்ளக்ல சொருகிடாதீங்க. கைப்பிடியில ஒரு சென்சார் இருக்கும், கை பட்டாத்தான் மோட்டார் ஓடும், கைய எடுத்தா ஸ்டிக் தொஞ்சு போயிடும், நெறைய பேரு அதுமேல டேப் ஒட்டிடுவாங்க. அதுக்கு முந்தின ப்ரோ மாடல் கேம்போர்ட் (பழைய கம்ப்யூட்டர் ஜாய்ஸ்டிக் போர்ட்), அத மலிவா குடுக்கறாங்கன்னு எடுத்தா யுஎஸ்பிக்கு மாத்த தனியா ஒரு அடாப்டர் போர்டு செய்யணும், சால்டரிங் பழக்கம் இருந்தா மட்டும் இறங்குங்க.

ஒத்தைஎஞ்சின்:
நன்றி மக்களே. 109ல ஸ்டால் ஆகப்போறது (இறக்கை தூக்கற சக்திய இழக்கறது) ஷேக்கர்ல முன்னாடியே தெரியுமா? அது தெரிஞ்சாலே எனக்கு பாதி பிரச்சன தீந்துரும்.

இரும்புக்கழுகு:
தெரியும், ஆங்கிள் ஆஃப் அட்டாக் எஃபெக்ட மட்டும் தூக்கி வச்சுட்டு எஞ்சின், ரன்வே குலுக்கல் எல்லாத்தையும் கிட்டத்தட்ட அணைச்சுடுங்க. எல்லாத்தையும் ஃபுல்லா வச்சா அந்த மெல்லிசான நடுக்கம் காணாம போயிடும். திருப்பத்துல மானிட்டர பாக்காம முதுகுல வர்ற நடுக்கத்த வச்சே ஸ்டிக்க ஒரு நூல் தளத்தலாம்.

வால்சுழி:
முக்கால்வாசி நேரம் 109ன்னா ஷேக்கர்லருந்து ஆரம்பிங்க, தப்பில்ல. ஹியூயிதான் உசுருன்னா காசு சேத்துவச்சு ஸ்டிக்கே வாங்குங்க, அந்த ட்ரிம் குதிய எந்த ஷேக்கராலயும் சரி பண்ண முடியாது. வாங்குனதும் டிசிஎஸ் ஆப்ஷன்ஸ்ல ஃபோர்ஸ் ஃபீட்பேக் டிக் ஆகியிருக்கான்னு பாருங்க, அப்புறம் கன்ட்ரோல்ஸ்ல எஃப்எஃப் ட்யூன்னு ஒரு பட்டன் இருக்கும். ஸ்டிக் முன்னாடி பின்னாடி தள்ள வேண்டியது சைடுல தள்ளுச்சுன்னா பயப்படாதீங்க, அதுல ஸ்வாப் ஆக்ஸிஸ்னு இருக்கும், அத மாத்துனா சரியாயிடும்.