புதுப்பிப்பு: குடியிருப்புக் கழிவுநீரில் பாஸ்பரஸ் குறைந்துவிட்டது

எங்கள் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 7 மில்லிகிராம், தோட்டக் குளம் பாசி பிடித்துப் பச்சையாகிறது, எப்படிக் குறைப்பது என்று கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி.

பாஸ்பரஸைப் படியவைக்கும் இரும்பு உப்பான ஃபெரிக் குளோரைடைத் தொடவில்லை. இந்த நீர்தான் கழிப்பறை ஃபிளஷுக்கும் போகிறது. பீங்கானில் பழுப்புக் கறை படிந்தால் யார் பதில் சொல்வது? அதனால் படிகாரம்தான் போடுகிறோம்.

ஆனால் உண்மையில் வேலை செய்தது, "போடும் இடத்தை மாற்றுங்கள்" என்ற யோசனை. நாங்கள் தெளிதொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம், கலக்கவே இல்லை. இப்போது காற்றூட்டத் தொட்டியின் வெளிவாயில், நுரைத்துக் கொட்டும் இடத்தில், சொட்டுச் சொட்டாக விழுகிறது. முதலில் ஜார் டெஸ்ட், அதாவது ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்க்கும் சோதனை. அதன்படி லிட்டருக்கு 120 மில்லிகிராம். மூன்றாம் வாரம் பாஸ்பரஸ் 0.9.

எதிர்பாராதது: அம்மோனியா ஏறியது! படிகாரம் காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது, தன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கும் அதேதான் வேண்டும். பிஎச் 6.4-க்கு இறங்கியிருந்தது. காரத்தன்மையைக் கூட்டும் சோடா சாம்பல் சேர்த்ததும் சரியாயிற்று. அப்புறம், சேறும் கூடியிருக்கிறது. சேற்றைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸை வாரம் இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை ஓட்டுகிறோம்.