நாலாம் நாளும் கார்ப் மீன் குஞ்சு அடியிலேயே கிடந்தால்

(மலையகத்தில் மீன் பொரிக்க வைப்பவர்கள் எழுதிக்கொண்டது. ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியவரின் ஊர்.)

தலவாக்கலை
சாதா கார்ப், தகரத் தொட்டி, பீலித் தண்ணீர். காலையில் 15 பாகை செல்சியஸ், பின்னேரம் 19. பொரித்து மூன்றாம் நாள் அவித்த மஞ்சட்கரு கரைத்துப் போட்டது. நாலாம் நாளும் குஞ்சு அடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது. தண்ணீர் பால் மாதிரியாகி, விடிய ஒரு நாற்றம். பாதிக்கு மேல் போய்விட்டது. இதைக் கண்டவர்கள் எழுதுங்கள்.

கினிகத்தேனை
தம்பி, மூன்றாம் நாள் தீனி என்பது 20 முதல் 23 பாகைத் தண்ணீருக்கான கணக்கு. மலையில் நாளை எண்ணக் கூடாது, சூட்டை எண்ண வேண்டும். காலை, பின்னேர அளவைக் கூட்டி இரண்டால் வகுங்கள். உங்களுக்கு 17 வரும். அதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போங்கள். முட்டையிட்ட நாளிலிருந்து கூட்டிய தொகை ஏறக்குறைய 60 முதல் 70க்குள் வரும்போது சாதா கார்ப் முட்டை பொரிக்கும். 22 பாகையில் அது மூன்று நாள். 17இல் நாலு தாண்டி ஐந்தாவது நாளுக்கும் இழுக்கும். பொரித்த பிறகு எழுந்து நீந்தவும் கிட்டத்தட்ட அதே அளவு சூடு வேண்டும். சூடான தாழ்நிலத்து உடவளவை, தம்புள்ளைப் பக்கத்துக் கட்லா, ரோகு மீன்களின் கணக்கை இங்கே கொண்டுவரவே வேண்டாம். அவை 28 பாகையில் 14 முதல் 18 மணித்தியாலத்தில் பொரிக்கிறவை.

ஒட்டிக்கிடப்பது நோய் இல்லை. பொரித்த கார்ப் குஞ்சுக்குத் தலையில் ஒரு பசைச் சுரப்பி உண்டு. அதனால்தான் பாசியிலும் சுவரிலும் தொங்குகிறது. அப்போது அதன் சாப்பாடு வயிற்றில் இருக்கும் மஞ்சட்கருப் பை மட்டும். வாய் திறக்காத குஞ்சுக்குப் போட்ட தீனி முழுவதும் அழுகத்தான் செய்யும். கண்ணாடிக் குவளையில் நாலைந்து குஞ்சை எடுத்து, பின்னால் கறுப்புத் தாள் வைத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். பை சுருங்கி, முதுகெலும்புக்குக் கீழே மினுங்குகிற ஒரு காற்றுக் குமிழ் தெரிந்து, உடல் கிடையாக நின்றால்தான் முதல் தீனி. அந்தக் குமிழ் காற்றுப்பையின் பின்னறை. முன்னறை பிறகுதான் நிரம்பும்.

மஞ்சட்கரு போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு லட்சம் குஞ்சுக்கு ஒரு கோழிமுட்டையின் கரு, அதுவும் மெல்லிய துணியில் பிழிந்து. சின்னத் தொட்டிக்கு அதில் கொஞ்சமே போதும்.

பண்டாரவளை
சூட்டுக் கணக்கு சரியாக இருந்தும் சில குஞ்சு எழும்பாது, அடியில் துள்ளித் துள்ளி விழும். அப்போது தண்ணீரின் மேற்பரப்பைப் பாருங்கள். குஞ்சு ஒரு தடவை மேலே வந்து காற்றை விழுங்கித்தான் காற்றுப்பையை நிரப்புகிறது. மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் முடியாது. மஞ்சட்கருவே அந்தப் படலத்தை உண்டாக்கும்! பத்திரிகைத் தாளை மேலே விரித்து இழுத்தெடுங்கள், காலை மாலை இரண்டு முறை. காற்றுக்கல்லை மெதுவாக விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. குஞ்சு வயிறு மேலாக மிதக்கும், துடுப்பிலும் வயிற்றிலும் சின்னச் சின்னக் குமிழ்கள். மேட்டிலிருந்து அல்கத்தீன் பைப்பில் தண்ணீர் இறக்குகிற இடங்களில் இது வரும். இணைப்பு வழியாக பைப் காற்றை உறிஞ்சுகிறது, இறங்கும் அழுத்தத்தில் அந்தக் காற்று தண்ணீரில் அளவுக்கு மேல் கரைகிறது, பிறகு குஞ்சின் உடம்புக்குள் குமிழாக வெளியேறுகிறது. மருந்து ஒன்றும் இல்லை. ஆணியால் துளையிட்ட தகர டின்னை பைப் வாயில் தொங்கவிட்டு, தண்ணீரைப் பூத்தூறலாக விழச் செய்தால் கூடுதல் காற்று போய்விடும். இணைப்புகளையும் இறுக்குங்கள்.

நானுஓயா
உயிர்த்தீனி இல்லாமல் கார்ப்பை முதல் பத்து நாள் தாண்ட வைப்பது சிரமம். அதற்கு இரைப்பையே கிடையாது. கடைசி வரைக்கும் வராது. முதல் தீனி 150 முதல் 180 மைக்ரோன், அதாவது பாசியால் பச்சையான தண்ணீரில் வருகிற ரொட்டிபர் என்ற நுண்ணுயிர். ஓரிரு நாள் கழித்து ஆர்ட்டிமியா, அதாவது உப்புத் தண்ணீரில் வாழும் இறால் போன்ற சின்ன உயிர்; அதன் முட்டையை வாங்கி நாமே பொரிக்க வைக்க வேண்டும்.

ஆர்ட்டிமியாதான் குளிரில் ஆளைக் கவிழ்க்கிறது. ஒரு லீற்றர் தண்ணீர், 25 கிராம் கல்லுப்பு, 2 கிராம் முட்டை, அடியிலிருந்து நல்ல காற்று, வெளிச்சம். 28 பாகையில் 24 மணித்தியாலம். 18இல் விட்டால் இரண்டு நாளுக்கு மேலும் இழுத்து, முந்தினது பிந்தினது எல்லாம் கலந்து பொரிக்கும். போத்தலை ரெஜிபோம் (சூடு காக்கிற வெள்ளை நுரைப்) பெட்டிக்குள் தண்ணீரில் நிறுத்தி மீன்தொட்டி ஹீட்டர் போடுங்கள். பழைய இழை பல்பு இருந்தால் அதுவும் சரி, எல்ஈடி பல்பில் சூடு வராது. நம் தண்ணீர் மென்மையானது, புளிப்பும் உண்டு. அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்காவிட்டால் பொரிப்பு குறையும்.

பொரித்ததும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடு மேலே, பொரிக்காதது அடியில், செம்மஞ்சள் குஞ்சு நடுவில். நடுவை மட்டும் குழாயால் இழுத்து, நல்ல தண்ணீரில் கழுவிப் போடுங்கள். நன்னீரில் அது அதிக நேரம் உயிரோடிராது, அதனால் ஒரேயடியாகக் கொட்டாமல் நாளைக்கு ஐந்தாறு தடவை.

தலவாக்கலை
நன்றி அக்கா. டிரவுட் மீனுக்கு மட்டும் தூள் தீனியே போதும் என்கிறார்களே?

நானுஓயா
அதன் முட்டை நாலைந்து மில்லிமீற்றர் பருமன். 10 பாகையில் பொரிக்கவே ஒரு மாதம். பிறகும் இரண்டு மூன்று வாரம் சொந்த மஞ்சட்கருவில் இருந்துவிட்டு, இரைப்பையோடு தீனிக்கு வருகிறது. அதோடு கார்ப்பை ஒப்பிட முடியாது.

கினிகத்தேனை
குளத்தில் விடுவது எப்போது என்று அடுத்துக் கேட்பீர்கள். முதலில் உடம்பைச் சுற்றி ஒரே சவ்வுத் துடுப்புதான் இருக்கும். அது பிரிந்து முதுகு, வால், குதத் துடுப்பாகும். வால் நுனி மேல்நோக்கி வளையும். தோலால் மூச்சு விட்டது செவுளுக்கு மாறும். இந்த மாற்றம் நடக்கிற நாள்களில் இடம் மாற்றினால் கொத்தாகச் சாகும். செதில் ஏறின பிறகு, 20 முதல் 25 மில்லிமீற்றரில், பயமில்லாமல் மாற்றலாம்.

குளத்தின் புளிப்பை மாற்ற, தேயிலைக்குப் போடுகிற டொலமைட் சுண்ணாம்பே போதும், சதுர மீற்றருக்கு 100 கிராம், விடுவதற்கு இரண்டு வாரம் முன். குஞ்சைத் தின்னும் தும்பிப் புழுவையும் முதுகுநீச்சல் பூச்சியையும் அரிவலையால் அள்ளிவிடுங்கள். தோட்டத்தில் மருந்தடித்த வாரம் மழை பெய்தால் ஓடை வாயை அடைத்து வையுங்கள்.

தங்கமீனுக்கும் இதே கணக்குதான். ஆனால் மூன்று மாதமாகியும் குஞ்சு பாசிப் பழுப்பாகவே இருந்தால் தரம் கெட்டதென்று விற்றுவிட வேண்டாம். குளிர்த் தண்ணீரில் கறுப்புச் செல் மறைந்து செம்மஞ்சள் வெளிப்படத் தாமதமாகும்.