பழைய றேசிங் சைக்கிளை ஃபிக்ஸ்ட் கியராக மாற்றிய பின் செயின் நேராக ஓடவில்லை

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு)

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த பழைய றேசிங் சைக்கிள் ஒன்றை ஃபிக்ஸ்ட் கியராக, அதாவது சில்லு சுற்றும்வரை பெடலும் சேர்ந்து சுற்றும் ஒற்றைக் கியராக, மாற்றியிருக்கிறேன். முன்னால் 52, 42 என இரண்டு பற்சக்கரங்களும் பின்னால் ஆறு பற்சக்கரங்களும் இருந்தன. பின் சில்லுக்கு 120 மில்லிமீற்றர் அகலமுள்ள ட்ராக் ஹப் (ஓடுதளப் பந்தய சைக்கிள்களுக்கான சில்லின் நடுப்பகுதி) ஒன்றையும், ⅛ அங்குலத் தடிப்பில் 16 பற்கள் கொண்ட சக்கரத்தையும் பூட்டு வளையத்துடன் பொருத்தினேன். பிறேமின் பின் கவை 126 மில்லிமீற்றர் அகலமானது என்பதால், மிகுதி இடைவெளிக்குக் கடையில் வொஷர்கள் போட்டுத் தந்தார்கள். முன்னால் 52 பற்சக்கரத்தையே பாவிக்கிறேன். பழைய செயினைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

மிதிக்கும்போது இடைவிடாமல் அரைக்கும் சத்தம் கேட்கிறது. கல்லடிப் பாலத்தில் வேகத்தைக் குறைப்பதற்காகப் பெடலை எதிர்த்து அழுத்தியபோது செயின் கழன்றுவிட்டது. முன் பிறேக்கைக் கழற்றாமல் வைத்திருந்தபடியால் பாதுகாப்பாக நிறுத்த முடிந்தது. பின் றிம் இடப்பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்பதையும் கவனித்தேன். பெடல் அச்சை (இரு கிராங்குகளையும் இணைக்கும் அச்சை) நீளம் குறைந்த ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதை வாங்குவதற்கு முன் உங்கள் ஆலோசனையை அறிய விரும்புகிறேன்.

பதில் (கல்முனை)

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். அளந்து பார்க்காமல் அச்சை மாற்றினால், பிழை முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். செயின் ஓடும் முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் பிறேமின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் இதில் முழு விடயமும். ட்ராக் சைக்கிள்களில் அந்தத் தூரம் வழக்கமாக 42 மில்லிமீற்றர்.

அளப்பதற்கு முன் பிறேம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பின் கவையின் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்னே காண்டில் குழாயைச் சுற்றி எடுத்து வந்து மறு முனையில் இறுக்கமாகக் கட்டினால், ஆசனக் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலான தூரம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். எங்கோ அடிபட்டு வந்த பாவித்த சைக்கிளாகவும் இருக்கக்கூடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்ததாக, ஆசனக் குழாயின் விட்டத்தில் பாதியை எடுத்து, குழாயின் மேற்பரப்பிலிருந்து முன் பற்களின் நடுவரையுள்ள தூரத்தை அதனுடன் கூட்டுங்கள். இரட்டைப் பற்சக்கரம் உள்ள பழைய றேசிங் சைக்கிள்களில் வெளிச் சக்கரம் ஏறக்குறைய 46 மில்லிமீற்றரிலும் உட்சக்கரம் 41 மில்லிமீற்றரிலும் நிற்பது வழக்கம். பின்பக்கத்துக்கு, கவையின் அகலத்தில் பாதியான 63இலிருந்து, வலப்பக்கக் கவையின் உட்புறத்துக்கும் பற்களின் நடுவுக்கும் இடையிலான தூரத்தைக் கழியுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது றிம் இடப்பக்கம் ஒதுங்கியிருப்பதுதான். 6 மில்லிமீற்றர் வொஷர் முழுவதையும் வலப்பக்கத்தில் போட்டிருந்தால் ஹப் 3 மில்லிமீற்றர் இடப்பக்கம் தள்ளப்பட்டு, பின் பற்சக்கரம் 42இல் நிற்பதற்குப் பதிலாக 39இல் நிற்கும். முன்னால் 46 என்றால் வித்தியாசம் 7 மில்லிமீற்றர். அவ்வளவு கோணலில் செயின் அரைப்பதும் கழல்வதும் இயல்பே. பக்கத்துக்கு 3 மில்லிமீற்றராக வொஷரைப் பிரித்துப் போட்டால் றிம்மும் நடுவுக்கு வரும், கம்பிகளைத் தொட வேண்டிய தேவையும் இராது.

அதன் பின் 52ஐக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் 42ஐயே பாவியுங்கள். இரண்டு சக்கரங்களுக்கான நீளமான போல்ட்டுகள் ஒரு சக்கரத்தை இறுக்கிப் பிடிக்காது. ஒற்றைச் சக்கரத்துக்கான குட்டை போல்ட்டுகள் வேண்டும். 42க்கு 16 என்பது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.5 மீற்றர் ஓடும். நம்முடைய சமதரை வீதிகளுக்கு அது தாராளமாகப் போதும். கச்சான் காற்றுக்கு எதிராக மிதிக்கும்போது 52இன் பாரத்தை முழங்கால்தான் தாங்க வேண்டியிருக்கும்.

பதில் (அக்கரைப்பற்று)

மேலே சொல்லப்பட்ட அளவுகளுடன் உடன்படுகிறேன், ஆனால் செயினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆறு கியர் சைக்கிளின் செயின் உட்புறம் 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீற்றர் அளவுதான். உங்கள் பின் சக்கரமோ 3.2 மில்லிமீற்றர் தடிப்பானது. தடித்த பல் அந்தச் செயினுக்குள் முழுமையாக இறங்காது. எவ்வளவு நேராக்கினாலும் சத்தம் ஓயாது. ⅛ அங்குலச் செயின் வாங்குங்கள். சாதாரண சைக்கிள்களுக்குப் போடும் அதே செயின்தான் என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்கும், மெல்லிய முன் பற்சக்கரத்திலும் குறையின்றி ஓடும். கடலோரக் காற்றில் துருப்பிடித்து மடிய மறுக்கும் பழைய கண்ணிகளை ஃபிக்ஸ்ட் கியரில் வைத்திருப்பது ஆபத்தானது, ஏனெனில் கழன்ற செயின் சில்லில் சிக்கினால் பின் சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இழுவையையும் பாருங்கள். முன் பற்சக்கரம் முழு வட்டமாகச் சுழல்வது அரிது என்பதால், கிராங்கை மெல்லச் சுற்றிச் செயின் மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பற்சக்கரத்தின் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, செயினை மெதுவாகத் தட்டி நடுப்படுத்தி மறுபடி இறுக்க வேண்டும். இறுகும் இடத்திலும் செயினின் நடுப்பகுதி கொஞ்சம் மேலும் கீழும் அசைய வேண்டும். சில்லு சுற்றும்போது விரல்களை அருகே கொண்டுபோகவே கூடாது.

கேட்டவர் (கல்லடி)

அண்ணனுக்கும் காக்காவுக்கும் மிக்க நன்றி. நூல் இரு பக்கமும் சமமாக இருந்தது. வொஷர்கள் எல்லாம் வலப்பக்கத்திலேதான் இருந்தன. பிரித்துப் போட்டதும் றிம் நடுவுக்கு வந்துவிட்டது. புதிய செயினுடன் இப்போது நடுக்கோட்டிலிருந்து முன்னால் 41, பின்னால் 42 மில்லிமீற்றர் வருகிறது. சத்தம் நின்றுவிட்டது. மீதமுள்ள 1 மில்லிமீற்றருக்காக அச்சை மாற்ற வேண்டுமா?

பதில் (கல்முனை)

தேவையில்லை, தம்பி. 1 மில்லிமீற்றர் வித்தியாசத்தைச் செயின் தாராளமாகத் தாங்கும். உங்கள் நண்பர் சொன்ன குட்டை அச்சு முன் சக்கரத்தை இன்னும் உள்ளே இழுத்து வித்தியாசத்தைக் கூட்டியிருக்கும். என்றாவது அச்சு தேய்ந்து மாற்ற நேர்ந்தால், அப்போது 2 மில்லிமீற்றர் நீளமானதை வாங்குங்கள். இரு பக்கமும் சமமாக நீள்வதால் பற்சக்கரம் 1 மில்லிமீற்றர் வெளியே வரும். ஜப்பானிய பிறேம்களில் அந்த அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கிண்ணத்தின் மரை பெரும்பாலும் எதிர்த்திசையானது என்பதையும், அது கடிகாரத் திசையில் சுழற்றினால்தான் கழலும் என்பதையும் அன்றைக்குக் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.