எச்.ஐ.வி. மருந்து இலவசம், பிறகு ஏன் கடைசி நேரத்தில் வருகிறார்கள்?

ரிக் வண்டிக்காரர் (திருச்செங்கோடு)
எங்கள் போர்வெல் வண்டியில் துளை போடும் டிரில்லராக இருந்தவர் போன மாதம் இறந்துவிட்டார். சத்தீஸ்கரில் வேலை நடந்துகொண்டிருந்தபோதே இருமலும் காய்ச்சலும் வந்துவிட்டன. மெடிக்கல் கடை மாத்திரையைப் போட்டே காலத்தை ஓட்டினார். ஊருக்குத் தூக்கி வந்தபோது காசநோய் முற்றியிருந்தது, கூடவே எச்.ஐ.வி. இருப்பதும் தெரிந்தது. ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் சி.டி.4 நூறைக்கூடத் தொடவில்லை.
2004 ஏப்ரலில் இருந்து எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. அரசின் எச்.ஐ.வி. சோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்தில் சோதனைக்கும் காசு இல்லை. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? தாமதத்துக்குச் சாதி, வர்க்கம், பின்னணிதான் காரணம் என்று பேசுகிறவர்கள் சொல்லட்டும். இதற்குப் பெயர் அலட்சியம், அவ்வளவுதான்.

ஓவர்லாக் (திருப்பூர்)
மருந்துதான் இலவசம் அண்ணா, நாள் இலவசம் இல்லை. பனியன் கம்பெனியில் எங்களுக்குத் தைத்த துணிக்கு ஏற்பக் கூலி, அதாவது பீஸ் கணக்கு, சனிக்கிழமை சம்பளம். மையம் வேலைநாள் காலையில் நடக்கும். பஸ் பிடித்துப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருந்தோடு திரும்பினால் மத்தியானம் ஆகிவிடும். அரை நாள் போனதோடு முடியாது. ‘எங்கே போனாய்?’ என்று சூப்பர்வைசர் கேட்பாரே, அதற்கு ஒரு பொய் வேண்டும். அடுத்த முறை வேறு பொய். உடம்பு நிற்கிறவரை வேலையை விட்டுப் போக மாட்டோம். அதை அலட்சியம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

ரிக் வண்டிக்காரர்
கூலி போகும் என்பது உண்மைதான். ஆனால் காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ள நேரமும் இருக்கிறது, காசும் இருக்கிறதே தங்கச்சி. அது எப்படி?

வாய்க்கால் மேடு (கோபி)
இருவருமே ஏழைகளைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். காசில்லாதவர்தான் தாமதமாக வருகிறார் என்பதை நான் ஏற்க மாட்டேன்.
எங்கள் சொந்தத்தில் ஒருவர். தோட்டம், மஞ்சள் மண்டி, கோயில் கமிட்டியில் பதவி. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை இறங்கிக்கொண்டே போனது. கோவையில் பெரிய மருத்துவமனைக்கே கூட்டிப் போனோம். ஸ்கேன், எண்டோஸ்கோபி, கல்லீரல் சோதனை எல்லாம் எடுத்தார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அந்த நீண்ட பட்டியலில் எச்.ஐ.வி. மட்டும் இல்லை. வெள்ளை வேட்டியும் பின்னால் நிற்கும் பத்து உறவினரும் சேர்ந்து அந்தக் கேள்வியை டாக்டரின் வாயிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒரு சின்ன அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது.
அவரே ஒரு லாரி கிளீனராக இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள், அதுவும் எல்லோர் முன்னிலையிலும். இங்கே பின்னணி இரண்டு பக்கமும் வெட்டுகிறது: ஒருவரைக் கேட்டே கூசவைக்கிறது, இன்னொருவரைக் கேட்காமலே சாகவிடுகிறது.
இத்தனைக்கும் பிறகு அவர் உள்ளூரில் மருந்து வாங்கவில்லை, வேறு மாவட்டத்து மையத்துக்குப் போகிறார். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். வரன் பார்க்கும்போது நம் பக்கத்தில் எதையெல்லாம் விசாரிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மையத்து ஆலோசகர்
நம்பிக்கை மையத்தில் வேலை பார்ப்பவள் நான். ஊர் சொல்லவில்லை, மன்னிக்கவும்.
கோபிக்காரர் சொன்னதில் பெரும்பகுதி சரி. யாரிடம் நாங்கள் கேட்கிறோம் என்று பாருங்கள். கர்ப்பிணிகளுக்குச் சோதனை வழக்கமாகிவிட்டது, காசநோயாளிகளுக்கும் அப்படித்தான். லாரிக்காரர்களைத் தேடிப் போய்ப் பேசத் திட்டங்கள் இருக்கின்றன. நாமக்கல் பக்கம் அந்த வேலை 1990களிலிருந்தே நடக்கிறது. ஆகவே இளம் பெண்கள் பலர் உடம்பு நன்றாக இருக்கும்போதே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு விழிப்புணர்வு அதிகம் என்பதால் அல்ல, கர்ப்பம் அவர்களை எங்கள் முன்னால் உட்கார வைக்கிறது. ‘அவரையும் அழைத்து வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் பல கணவர்கள் வருவதில்லை. குழந்தை பெறும் வயதைக் கடந்த பெண்ணை யாருமே கேட்பதில்லை. கணவர் எதனால் இறந்தார் என்றுகூட அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.
இன்னொன்று, எங்கள் துறையே மக்களுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது. சி.டி.4 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்று ஒரு காலம். பிறகு 350, அப்புறம் 500. 2017இல்தான் தொற்று உறுதியானாலே மருந்து என்று இந்தியாவில் முடிவானது. ‘இப்போது வேண்டாம், போய்விட்டு அப்புறம் வாருங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் அந்த ‘அப்புறத்தை’ இன்னும் மனதில் வைத்திருக்கிறார்களோ!
ரிக் வண்டிக்கார ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த டிரில்லரின் சி.டி.4 எண் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரிக் வண்டிக்காரர்
என்ன கேள்வி அம்மா இது? ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நின்றவன் நான், பில் கட்டியவன் நான். ரிப்போர்ட்டை என் கையில்தான் கொடுத்தார்கள்.

மையத்து ஆலோசகர்
நீங்கள் செய்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் அந்த விவரத்தை முதலாளியிடம் கொடுக்கக் கூடாது. உங்கள் வண்டியில் இருக்கும் மற்றவர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? ‘சோதனை எடுத்தால் முதலாளிக்குத் தெரியும்’ என்றுதான். அவர்களில் ஒருவருக்கு நாளை இருமல் வந்தால் அவரும் மெடிக்கல் கடைக்கே போவார்.

பழைய கிளீனர் (சங்ககிரி)
இதற்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குத் தொற்று உண்டு, மருந்து எடுக்கிறேன், வைரஸ் ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அந்த நிலையில் உடலுறவின் வழியாகத் தொற்று பரவாது என்பது இன்று மருத்துவர்களே சொல்வது. ஆனாலும் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடக்க முடியாது. நடக்கும்போது கலகலவென்று சத்தம் போடும். பஞ்சை அடைத்துப் பார்த்தேன், பிறகு லேபிளைக் கிழித்துவிட்டுச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றினேன். கொரோனா காலத்தில் எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்களே, வரிசையில் நிம்மதியாக நின்றது அப்போதுதான்.
என் ஓனர் நல்லவர். அதனால்தான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வீட்டுத் திண்ணையில் எனக்கு வைக்கும் டம்ளர் மாறிவிடும். ஏற்கெனவே எங்கள் தெருக்காரர்களுக்கு அங்கே தனி டம்ளர்தான். அதற்குள்ளும் ஒரு தனி டம்ளரா?

ஓவர்லாக்
இந்தக் கடைசி வரியை அலட்சியம் என்று சொல்லுங்கள் அண்ணா, பார்க்கலாம்.

ரிக் வண்டிக்காரர்
கிளீனர் தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்றபடி என் கருத்தில் மாற்றமும் இல்லை. பயம் இருக்கலாம், கூலி போகலாம். ஆனாலும் உயிர் அவரவருடையது, முதல் அடியை அவரவர்தான் எடுத்துவைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் சமூகத்தின் மேல் மட்டும் பழி போட்டால் என் டிரில்லரைப் போல இன்னும் பலர் போவார்கள்.
பேசுவதைவிடச் செய்யலாம். மழைக்காலத்தில் வண்டிகள் திரும்பி வந்து ஷெட்டில் நிற்கும். அப்போது ஒரு முகாம் போடுகிறேன். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை, செலவு என்னுடையது.

மையத்து ஆலோசகர்
முகாம் போடுங்கள், நான் ஆள் ஏற்பாடு செய்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் பரிசோதனை, சளிப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து இருக்கட்டும், எச்.ஐ.வி.யும் அதில் ஒன்று. வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தக் கூடாது. முடிவு சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் போகும். ஷெட்டில் வேண்டாம், வேறு இடம் பாருங்கள். அன்றைக்குக் கூலியை மட்டும் பிடிக்காதீர்கள். ஒடிசா, பீகார் பையன்களுக்கு இந்தி தெரிந்த ஆலோசகர் வேண்டும். மருந்து தொடங்கினால் வண்டி எந்த மாநிலத்துக்குப் போகிறதோ அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதையும் சொல்லித் தர வேண்டும்.

ரிக் வண்டிக்காரர்
என் காசில் நடக்கும் முகாமில் நானே இருக்கக் கூடாதா?

வாய்க்கால் மேடு
இருங்கள் அண்ணா, ஆனால் வரிசையில் முதல் ஆளாக. ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். உங்களையும் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரிக் வண்டிக்காரர்
எனக்கு எதற்கு?

ஓவர்லாக்
உங்கள் டிரில்லரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

ரிக் வண்டிக்காரர்
சரி, ஐப்பசியில் வண்டிகள் வரும். ஆலோசகர் அம்மா, தேதி சொல்லுங்கள். கூலி பிடிக்க மாட்டேன். முதல் ஆளாக உட்காருவது பற்றி வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.