எம்சிஆர் ஜீனே இல்ல, க்ளெப்சியெல்லா எப்படி கோலிஸ்டினுக்கு மசியாம நிக்குது?

லேப்_தம்பி:
எம்எஸ்சி மைக்ரோ ப்ராஜெக்ட். ஒரு க்ளெப்சியெல்லா (தொற்று தர்ற பாக்டீரியா) ஐசோலேட்டுக்கு கோலிஸ்டின் (கடைசி கட்டத்துல குடுக்குற ஆன்டிபயாடிக்) எம்ஐசி, அதாவது வளர்ச்சிய நிறுத்த தேவையான குறைஞ்சபட்ச அளவு, 16 வருது, ரெசிஸ்டன்ட்தான். சரின்னு எம்சிஆர் ஜீன் (பாக்டீரியாக்களுக்குள்ள கைமாறுற கோலிஸ்டின் எதிர்ப்பு ஜீன்) எல்லாத்துக்கும் பிசிஆர் போட்டேன், ஒரு பேண்டும் விழல. கைடு "ரெகுலேட்டர பாரு"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டார். எந்த ரெகுலேட்டர்ங்க?

வார்டு_டாக்டர்:
எம்ஐசி எப்படி பாத்தீங்க? அகார் தட்டுல மருந்து டிஸ்க் வச்சு பாத்ததுன்னா நம்பாதீங்க, கோலிஸ்டின் அகார்ல ஒழுங்கா பரவாது.

லேப்_தம்பி:
ப்ராத் மைக்ரோடைலூஷன்தான் சார், திரவத்துல மருந்த படிப்படியா நீர்த்து பாத்தேன்.

பெட்ரிடிஷ்_அக்கா:
அப்போ எம்ஜிஆர்-பி பாரு தம்பி. வெறும் 47 அமினோ அமிலம் உள்ள குட்டி புரோட்டீன், ஆனா பண்ற வேலை பெருசு. வெளிய மெக்னீசியம் கம்மியானா, அமிலம் ஏறினா ஃபோ-க்யூங்கிற சென்சார் புரோட்டீன் மோப்பம் பிடிச்சு, ஜீன்கள ஆன் பண்ற ஃபோ-பிய கிளப்பி விடும், ஃபோ-பி ஆன் பண்ற ஜீன்கள்ல எம்ஜிஆர்-பியும் ஒண்ணு, அது திரும்பி வந்து ஃபோ-க்யூவையே அடக்கும், அதான் பிரேக். பிரேக் போச்சுன்னா ஃபோ-பி நிக்காது, ஆர்ன் ஓப்பரான்ங்கிற ஜீன் கூட்டம் ஓடிட்டே இருக்கும், பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல இருக்குற லிபிட் ஏ மேல அமினோ-அரபினோஸ்ங்கிற சர்க்கரை போய் ஒட்டிக்கும், நெகட்டிவ் சார்ஜ் குறைஞ்சிரும். கோலிஸ்டின் பாசிட்டிவ், அதுக்கு பிடிமானமே இருக்காது.

ஜீனுக்கு ரெண்டு பக்கமும் வெளிய ப்ரைமர் வச்சு போடு. ஜீனே 144 பேஸ்தான், பேண்ட் ஒரு கிலோபேஸ் கூடுதலா வந்தா ஐஎஸ் எலிமென்ட் (இடம் மாறி குதிக்கிற டிஎன்ஏ துண்டு) நடுவுல புகுந்துருக்கு. சைஸ் சரியா வந்தாலும் விட்றாத, சீக்வென்ஸ் பண்ணு, பாதிலயே புரோட்டீன நிறுத்துற ஸ்டாப் கோடான் உக்காந்திருக்கலாம்.

லேப்_தம்பி:
சூப்பர்க்கா. ஆனா எந்நேரமும் ஆன்லயே இருந்தா அதுக்கு நஷ்டம்தானே, நோய் உண்டாக்குற சக்தி குறையாதா?

பெட்ரிடிஷ்_அக்கா:
பொத்தாம் பொதுவா சொல்ல முடியாது. சால்மொனெல்லால ஃபோ-பி இல்லாட்டி மேக்ரோஃபேஜுக்குள்ள (கிருமிய விழுங்குற நம்ம செல்) பிழைக்காது, அதே ஃபோ-பி சதா ஆன்ல இருந்தாலும் எலிகிட்ட அதோட வீரியம் குறையுது. அங்க நேரம் பாத்து போடணும். க்ளெப்சியெல்லா கதை வேற, 2017ல வந்த வேலைல எம்ஜிஆர்-பி போன ஸ்ட்ரெயின் மெழுகுப்பூச்சி புழுவ இன்னும் மோசமாத்தான் தாக்குச்சு, மாத்தின லிபிட் ஏவால ஆரம்ப இம்யூன் ரெஸ்பான்ஸே மந்தமாயிடுது. நம்ம உடம்பு சுரக்குற ஆன்டிமைக்ரோபியல் பெப்டைடும் கோலிஸ்டின் மாதிரி பாசிட்டிவ்தானே, அதுக்கும் இதே கவசம்தான். இது எனக்கு எம்சிஆர விட கவலையா இருக்கு, ஆனா ரிப்போர்ட்ல எல்லாரும் எம்சிஆர் நெகட்டிவ்னு போட்டுட்டு ஃபைல மூடிடறாங்க.

லேப்_தம்பி:
எம்ஜிஆர்-பி நல்லாவே இருந்துச்சுன்னா?

வார்டு_டாக்டர்:
இதே லிபிட் ஏ மாத்தத்த ஆட்டி வைக்கிற மத்த ஜீன்கள பாருங்க: ஃபோ-பி, ஃபோ-க்யூ, பிஎம்ஆர்-ஏ, பிஎம்ஆர்-பி, அப்புறம் சிஆர்ஆர்-பி. அஞ்சையும் தனித்தனியா ஓட்றதுக்கு ஹோல் ஜீனோமே அனுப்பிடுங்க, செலவு பெருசா வித்தியாசப்படாது.