பெல்லட்டைப் பழைய சோளக்குழியில் கொட்டி வைக்கலாமா?

கோபி சமையல்:
வணக்கமுங்க. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன், கேஸ் விலை கட்டுப்படியாகாமல் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்கிற சின்னச் சின்ன எரிகட்டி) அடுப்புக்கு மாறியாச்சு. ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு டன் மரத்தூள் பெல்லட் வாங்கிப் போட நினைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் அப்பாரு காலத்துச் சோளக்குழி சும்மா கிடக்கிறது. கல்லைப் போட்டு மூடினால் சொட்டுத் தண்ணி இறங்காது, எலியும் வராது. அதில் கொட்டிவிட்டு, வேண்டும்போது ஆளை இறக்கி அள்ளிக்கலாமா? இறங்கும் முன், உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று விளக்கு விட்டுப் பார்ப்போம்.

திருப்பூர் பாய்லர்:
வேண்டவே வேண்டாமுங்கண்ணா. மரத்தூளில் இருக்கிற கொழுப்பும் பிசினும் காற்று பட்டு மெல்ல மாறும்போது, நெருப்பே இல்லாமல் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு கிளம்பும். புதுச் சரக்கில் முதல் சில வாரம் அதிகம், வெக்கை கூடினால் இன்னும் அதிகம். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது.

விளக்கை நம்பாதீங்க. ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தால்தான் அது அணையும். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த வாயு கலந்திருந்தாலே ஆள் உயிருக்கு ஆபத்து, விளக்கோ அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். 2006இல் ஸ்வீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில், கனடாவிலிருந்து பெல்லட் ஏற்றி வந்த கப்பலில், சரக்கறையை ஒட்டிய படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் இறந்தே போனார். உள்ளே ஒருத்தர் விழுந்தால் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருத்தர் குதிக்கக் கூடாது, 101 அடித்துத் தீயணைப்புக்காரர்களை வரச் சொல்லுங்க.

பொள்ளாச்சி அக்கா:
தம்பி, குழியை விடு. சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடுகிற மாதிரிதான் இதுக்கும், அடியில் கல் வைத்துத் தூக்கி, சுற்றிலும் காற்று ஓடணும், மேலே மழை படக்கூடாது. கட்டுத்தரை காலியாக இருந்தால் அதுவே போதும். மூட்டையைப் பிரிக்காமல் பலகை மேல் அடுக்கு, சுவரை ஒட்டாமல் வை, சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் தார்ப்பாய். பெல்லட்டில் ஈரம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால்தான் நன்றாக எரியும். நனைந்தால் உப்பி உதிர்ந்து திரும்பவும் மரத்தூள்தான், அது அடுப்புக்கு ஆகாது.

கோபி சமையல்:
சரிங்க அக்கா, குழி வேண்டாம். கட்டுத்தரையில் மாடு நிற்குது. ஆசாரத்தை (வீட்டுக் கூடத்தை) ஒட்டி ஒரு ரூம் இருக்கு, அடுத்த ரூமில் அமுச்சி (பாட்டி) படுத்திருப்பாங்க, நடுவில் கதவு உண்டு. அங்கே வைக்கலாமுங்களா?

திருப்பூர் பாய்லர்:
படுக்கிற ரூமை ஒட்டி வேண்டாமுங்கண்ணா, கதவு இந்த வாயுவைத் தடுக்காது. மாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கிக்கங்க, செலவு பெரிதில்லை. அதுவரை ரெண்டு டன் எதுக்கு, முகூர்த்தத்துக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் போதாதா? அடியில் சேருகிற தூளை அப்பப்போ கூட்டி எடுங்க, பறக்கும்போது பொறி பட்டால் குபீர்னு பிடிக்கும். அடுப்புச் சாம்பலை அங்கே கொட்டவே கூடாது, உள்ளே கனல் கிடக்கும். யாருக்காவது அங்கே தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளியே கூட்டி வந்து 108க்கு அடிங்க.