டபிள்யூஆர்எக்ஸ் ஏர் இன்டேக்கை ஃபாரஸ்டர் எக்ஸ்டியில் மாட்டலாமா? பைப் பொருந்துகிறது, மற்றதெல்லாம்?

கேள்வி

வணக்கம். கார்: சுபாரு ஃபாரஸ்டர் எக்ஸ்டி (2004–2008 தலைமுறை, 2.5 லிட்டர் டர்போ), ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள) ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்டாக் டர்போ. கையில் இருப்பது 2002–2005 இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் 2.0 டர்போவுக்காக வந்த ஆஃப்டர்மார்க்கெட் இன்டேக். அலுமினியப் பைப், கோன் ஃபில்டர், ஒரு ஹீட் ஷீல்டு. ஏர் ஃப்ளோ சென்சார் உட்காரும் ஃபிளாஞ்சு பைப்பிலேயே வெல்டு செய்யப்பட்டிருக்கிறது. என் காரின் சென்சார் அதில் போய் உட்காருகிறது, கனெக்டரும் எட்டுகிறது. பைப்பின் மறுமுனை டர்போ இன்லெட் ஹோஸோடு நேராகச் சேரவில்லை, விட்டம் கொஞ்சம் வித்தியாசம். ஷீல்டின் பிராக்கெட் துளையும் தள்ளி நிற்கிறது.

கப்ளர் போட்டு, பிராக்கெட்டைத் திருத்தி மாட்டிவிட்டால் போதுமா? ட்யூன் (ஈசியுவுக்குள் இருக்கும் அட்டவணைகளைத் திருத்துவது) கட்டாயமா? பைப்பில் சின்னதாக ஒரு நிப்பிளும் இருக்கிறது, அதில் எதை மாட்டுவது?

பதில் 1

இது பைப் பொருந்துகிறதா என்று பார்த்து முடிவெடுக்கிற வேலை இல்லை. சென்சாரைச் சுற்றியிருக்கும் குழாயும் சென்சாரின் ஒரு பகுதிதான். ஹாட் வயர் சென்சார் முழுக் காற்றையும் அளப்பதில்லை. தன் மூக்கில் படுகிற காற்றின் ஓட்டத்தை மட்டும் அளந்து ஒரு வோல்டேஜ் கொடுக்கிறது. அந்த வோல்டேஜுக்கு இத்தனை கிராம்/வினாடி என்று ஈசியுவுக்குள் ஒரு அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணை உங்கள் ஸ்டாக் ஏர்பாக்ஸ் கழுத்தின் உள்விட்டத்துக்கு எழுதப்பட்டது. குழாய் மாறினால் அட்டவணை பொய்யாகிவிடும்.

முதலில் அளந்து பாருங்கள். ஸ்டாக் ஏர்பாக்ஸில் சென்சார் நிற்கிற அதே இடத்தில் உள்விட்டம் எவ்வளவு, புதிய பைப்பில் எவ்வளவு? வெளிவிட்டம் உதவாது. உதாரணத்துக்கு ஸ்டாக் 65 மி.மீ., புதியது 70 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 70-ஐ 65-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.16. குறுக்குப்பரப்பு 16% கூடிவிட்டது. இன்ஜின் அதே காற்றை இழுத்தாலும் சென்சார் முன்னால் வேகம் 14% குறைவு. ஈசியு அந்த அளவு காற்று குறைந்ததாக நம்பி பெட்ரோலைக் குறைக்கும். வெறும் 1 மி.மீ. வித்தியாசமே (65-க்கு 66) 3% பிழை தரும். அதனால் ஸ்கேல் போதாது, காலிப்பர் வேண்டும்.

'லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது), ஓ2 சென்சார் சரிசெய்துவிடும்' என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. நிதான ஓட்டத்தில் ஃபியூயல் ட்ரிம், அதாவது ஓ2 சென்சாரைப் பார்த்து ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், அதைச் சரிக்கட்டும். ஆனால் சுபாரு ஈசியு காற்றின் அளவை இன்ஜின் சுற்றால் வகுத்து 'லோடு' என்று ஒரு எண் எடுக்கிறது (கிராம்/ரெவ்), இக்னிஷன் டைமிங்கைத் தேடுவது அந்த எண்ணை வைத்துத்தான். காற்று குறைவாகத் தெரிந்தால் லோடு குறைவாகத் தெரியும். லோடு குறைவான கட்டத்தில் டைமிங் அதிகமாக அட்வான்ஸ் ஆகியிருக்கும். ட்ரிம் பெட்ரோலைச் சரிசெய்தாலும் இந்த டைமிங்கைத் தொடாது. விளைவு நாக் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது). 2.5 டர்போவின் வார்ப்பு பிஸ்டன்களில் ரிங் லேண்டு (ரிங்குகளுக்கு நடுவில் உள்ள மேடு) உடைவது எல்லோருக்கும் தெரிந்த பலவீனம், அதற்கு நேர்வழி பூஸ்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது, வருகிற இந்த நாக்தான். தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள்.

அடுத்து சென்சாரின் ஆழம். ஃபிளாஞ்சு மேற்பரப்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை உள்ள தூரத்தை இரண்டு குழாயிலும் ஒப்பிடுங்கள். ஃபிளாஞ்சு தடிமனாக இருந்தால் சென்சார் மூக்கு நடுவில் நிற்காமல் சுவர்ப் பக்கம் ஏறிவிடும். சுவரோரம் காற்று மெதுவாகப் போகும், ரீடிங் இன்னும் குறையும். ஓ-ரிங் முழுதாக உட்கார வேண்டும். சென்சாரின் மேலுள்ள அம்புக்குறி டர்போவைப் பார்க்க வேண்டும். ஃபிளாஞ்சு ஒரு வளைவை ஒட்டி வெல்டு செய்யப்பட்டிருந்தால் அந்த இன்டேக்கையே விட்டுவிடுவது நல்லது. வளைவில் காற்று ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும், எந்த ஸ்கேலிங்கும் (சென்சார் அட்டவணையின் எண்களைத் திருத்துவது) அதைச் சீராக்காது.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: உள்விட்டமும் ஆழமும் ஸ்டாக்கோடு ஒத்துப்போனால் ட்யூன் இல்லாமல் லாக் (ஓடும்போது ஈசியுவிலிருந்து பதிவு செய்யும் எண்கள்) பார்த்து ஓட்டலாம். ஒத்துப்போகவில்லை என்றால் ட்யூன் கட்டாயம்.

பதில் 2

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் மாட்டுற வேலையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

கப்ளர்: டர்போ இன்லெட் ஹோஸ் வாயையும் பைப் முனையையும் தனித்தனியா அளந்து, ரெண்டுக்கும் ஏத்த ரிட்யூஸர் சிலிக்கான் கப்ளர் வாங்குங்க. நேர் கப்ளரை இழுத்துப் பிடிச்சு கிளாம்பால நசுக்கினா ஒரு பக்கம் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியா காத்து போகும். ரெண்டு பக்கமும் குறைஞ்சது 20–25 மி.மீ. ஏறி உட்காரணும். இது டர்போவுக்கு முன்னாடி இருக்கற பகுதி, பூஸ்ட் கிடையாது, உறிஞ்சல்தான். அதனால கப்ளர் கழன்டு பறக்கறதைவிட உள்ளே சப்பிக்கறதுதான் பயம். மெல்லிசான ரப்பர் வேண்டாம், துணி அடுக்கு வச்ச தடிமனான சிலிக்கான் எடுங்க. கிளாம்புக்கு சாதாரண திருகு கிளாம்பே போதும். டி-போல்ட் போட்டு முறுக்கினா அடியில இருக்கற பிளாஸ்டிக் வாய் விரிசல் விடும்.

பிராக்கெட்: ஷீல்டை ஹாக்ஸா பிளேடால அறுத்து, துளையை ஓவலாக்கிச் சமாளிக்கலாம். ஆனா பைப்பை பாடியோட இரும்புக்கு இரும்பா இறுக்கிடாதீங்க. இன்ஜின் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஆடும், பாடி ஆடாது. நடுவுல ஒரு ரப்பர் மவுன்ட் இல்லன்னா பிராக்கெட் வெல்டுதான் முதல்ல விடும். சுத்திலும் 20 மி.மீ. இடைவெளி வச்சுக்குங்க. பானட்டை மூடறதுக்கு முன்னாடி ஃபில்டர் மேலயும் ஷீல்டு ஓரத்துலயும் கொஞ்சம் களிமண் உருண்டை வச்சு மூடித் திறந்தா, எவ்வளவு கேப் இருக்குன்னு நசுங்கின தடிமனே காட்டிடும்.

நிப்பிள்: உங்க கார்ல கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸ், பைபாஸ் வால்வு ரிட்டர்ன், பூஸ்ட் சொலினாய்டு ஹோஸ் மூணுமே மேனிஃபோல்டுக்கு அடியில ஓடற டர்போ இன்லெட் ஹோஸ்ல போய்ச் சேருது. எல்லாமே சென்சாருக்குப் பின்னாடி. அதுங்களைத் தொட வேண்டிய அவசியமே இல்ல. பைப்புல இருக்கற அந்த நிப்பிளுக்கு நல்ல ரப்பர் மூடி போட்டு, மேல சின்ன கிளாம்பு போடுங்க. திறந்து விட்டா சென்சார் பார்க்காத காத்து அது வழியா உள்ள போகும். சின்ன மூடி வெயில்ல, சூட்டுல வெடிச்சிரும், அதனால ஒவ்வொரு சர்வீஸுக்கும் தொட்டுப் பாருங்க.

ஃபில்டர்: எண்ணெய் போடற ஃபில்டரா, உலர் ஃபில்டரான்னு பாருங்க. எண்ணெய் வகைன்னா கழுவினப்புறம் எண்ணெயைக் குறைவாவே போட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டு மாட்டணும். மிச்ச எண்ணெய் ஹாட் வயர்ல படிஞ்சா ரீடிங் இன்னும் இறங்கும். வயரைச் சுத்தம் பண்ண அதுக்குன்னு விக்கற ஸ்ப்ரே மட்டும்தான், பிரேக் கிளீனர் கூடாது, துணி, பட்ஸ் எதுவும் படக்கூடாது.

ஷீல்டு சும்மா அழகுக்கு இல்ல. காத்து 3 டிகிரி சூடானா அடர்த்தி ஏறத்தாழ 1% குறையும். ஷீல்டு இல்லாத கோன் ஃபில்டர் சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் பே சூட்டைத்தான் குடிக்கும். ஷீல்டு ஓரத்துல ரப்பர் பீடிங் போட்டு பானட் அடிப்பக்கம் தொடற மாதிரி வைங்க, கிரில் பக்கத்து ஸ்னார்க்கல் காத்து அதுக்குள்ள வரட்டும். சிலர் ஃபில்டரை ஃபெண்டருக்குள்ள தாழ்வா இறக்குவாங்க. காத்து குளிர்ச்சிதான், ஆனா தேங்கின தண்ணியில ஃபில்டர் முங்கினா தண்ணி நேரா டர்போவுக்குள்ளயும் சிலிண்டருக்குள்ளயும் போகும். கனெக்டிங் ராடு வளையறதுக்கு அது ஒண்ணு போதும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ரிட்யூஸர் கப்ளர் போட்டு மாட்டியாயிற்று, நிப்பிளும் மூடியாயிற்று. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஈசியுவை ரீசெட் செய்து, லாக் எடுத்தேன். ஏ/எஃப் லேர்னிங் (காற்றோட்ட ரேஞ்சு வாரியாக ஈசியு நினைவில் வைத்திருக்கும் ட்ரிம் சதவீதம்): ஏ ரேஞ்சு +15, பி +14, சி +16, டி +15. ஐடில் சீராக இருக்கிறது. செக் இன்ஜின் லைட் வரவில்லை. 2,800–3,400 ஆர்பிஎம்மில், பாதி த்ராட்டிலில் (நாக் கேட்டு ஈசியு டைமிங்கைப் பின்வாங்கிய டிகிரியான) நாக் கரெக்‌ஷன் −2.8 காட்டுகிறது. லைட் வராததால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1

கூடாது. பூஸ்டில் மிதிப்பதை இப்போதே நிறுத்துங்கள். லைட் வருவது ட்ரிம் தன் எல்லையைத் தொட்ட பிறகுதான் (பி0171, சிஸ்டம் லீன்). அதற்கு முன்பே டைமிங் கெட்டுவிட்டது என்பதைத்தான் அந்த −2.8 காட்டுகிறது.

நான்கு ரேஞ்சும் ஒரே அளவில் நிற்பது நல்ல தடயம். ஏ ரேஞ்சு 5.6 கிராம்/வினாடிக்குக் கீழ், பி 10 வரை, சி 40 வரை, டி அதற்கு மேல். மேனிஃபோல்டில் வாக்குவம் லீக் இருந்தால் ஐடிலில், அதாவது ஏ-யில்தான் எண் பெரிதாக இருக்கும், டி-க்குப் போகப்போகக் கரைந்துவிடும். உங்களுடையது அப்படி இல்லை. குழாய் விட்டம் கூடியதற்கான முத்திரை இது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள கப்ளர் லீக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரியும். அந்த இடத்தில் உறிஞ்சல் காற்றோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், லீக் வழியே வருகிற காற்று அந்த உறிஞ்சலின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டும் சேர்ந்தால் லீக் எப்போதும் ஏறக்குறைய ஒரே சதவீதமாக நிற்கும். லீக்கை வைத்துக்கொண்டு ஸ்கேலிங் எழுதினால், பின்னால் யாராவது கிளாம்பை இறுக்கிய அன்று கார் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடும். அதனால் முதலில் ஸ்மோக் டெஸ்ட். ஃபில்டரைக் கழற்றி அந்த வாயை அடைத்து, 1 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் புகை விடுங்கள். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது இங்கே எடுபடாது, ஐடிலில் இந்தப் பகுதியில் உறிஞ்சல் மிகக் குறைவு.

புகை எங்கும் கசியவில்லை என்றால் ரோம்ரெய்டரில் (ஈசியு அட்டவணைகளைத் திருத்தும் மென்பொருள்) சென்சார் ஸ்கேலிங் அட்டவணை முழுவதையும் 1.15-ஆல் பெருக்குங்கள். ஈசியுஃபிளாஷ் (திருத்தியதைக் காரில் எழுதும் மென்பொருள்) வழியாக ஏற்றி, லேர்னிங்கை அழித்துவிட்டு, ஐடில், நகர வேகம், நெடுஞ்சாலை என்று கலந்து 80–100 கி.மீ. ஓட்டிப் பிறகு எண்களைப் பாருங்கள். எல்லா ரேஞ்சும் ±3-க்குள் வந்தால் மேற்கொண்டு தொடத் தேவையில்லை. ஒரே ஒரு ரேஞ்சு விலகினால் அந்த ரேஞ்சின் வோல்டேஜ் பகுதியை மட்டும் திருத்தி, அக்கம்பக்கத்து எண்களோடு வளைவு உடையாமல் இழைத்துவிடுங்கள்.

டி ரேஞ்சு எண் முக்கியம். முழு த்ராட்டிலில் ஓப்பன் லூப்புக்கு (ஓ2 சென்சாரைக் கேட்காமல் ஓடும் நிலைக்கு) போன பிறகும் ஈசியு டி-யின் கரெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டே ஓடும். 40 கிராம் பக்கத்தில் கற்ற எண் 200 கிராமுக்கும் போய்விடும், அங்கே அது சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே மேல்பகுதியை வைட்பேண்டு மீட்டர் (புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது) வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். பூஸ்டில் அந்த விகிதம் (ஏஎஃப்ஆர்) 11 பக்கத்தில் நிற்கட்டும். 12-ஐத் தாண்டினால் காலை எடுத்துவிடுங்கள். டைனமிக் அட்வான்ஸ் மல்டிப்ளையரையும் (நாக்கைப் பொறுத்து ஈசியு எவ்வளவு டைமிங் அட்வான்ஸ் தரும் என்ற எண்) சேர்த்து லாக் செய்யுங்கள். முழு மதிப்பு 1 (பழைய 16-பிட் ஈசியுவில் 16). அதிலிருந்து இறங்கினால் நாக் இன்னும் தீரவில்லை.

இன்ஜெக்டர் ஸ்கேலிங்கை மாற்றி ட்ரிம்மைச் சுழிக்குக் கொண்டுவரும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். ட்ரிம் அழகாகத் தெரியும், லோடு பொய்யாகவே இருக்கும், டைமிங்கும் அப்படியே. வேண்டாம்.

பதில் 3

வேறு கார்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக: இந்தத் தலைவலி காற்றை நேரடியாக அளக்கும் கார்களுக்கு. 1990-களின் ஹோண்டா சிவிக், இன்டெக்ரா போல மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரை வைத்துக் கணக்கிடும் கார்களில் இன்டேக் பைப் விட்டம் பெட்ரோல் கணக்கைக் கெடுக்காது. அங்கே கப்ளர் அளவு, பிரீதர் ஹோஸ், ஏர் டெம்பரேச்சர் சென்சார் இருக்குமிடம், இவ்வளவுதான் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 இன்ஜினில் இருப்பது கதவு போல் திறக்கிற ஃபிளாப் மீட்டர், 1994 மாடலில் வந்த 1.8-இல் ஹாட் வயர். பார்வைக்கு அண்ணன் தம்பி போன்ற கார்கள், ஒன்றின் இன்டேக்கை மட்டும் இன்னொன்றில் மாட்டவே முடியாது.

கேட்டவருக்கு ஒன்று: ட்யூன் செய்ய வசதி இல்லை என்றால் ஸ்டாக் ஏர்பாக்ஸைத் திரும்ப மாட்டி, நல்ல பேனல் ஃபில்டர் ஒன்று போட்டுவிடுங்கள். ஸ்டாக் டர்போவுக்கு அந்தப் பெட்டி தடையே இல்லை. குழாய்க்குள் ஸ்லீவ் செருகி விட்டத்தைக் குறைக்கும் யோசனை வந்தால் அதையும் தவிருங்கள். ஸ்லீவின் விளிம்பில் காற்று சுழலும், சுழல் நேராகச் சென்சார் மூக்கில்தான் போய் விழும்.

கேட்டவர்

ஸ்மோக் டெஸ்டில் இன்லெட் ஹோஸ் பக்கக் கிளாம்புக்கு அடியில் மெல்லியதாகப் புகை வந்தது. கப்ளர் அந்தப் பக்கம் 12 மி.மீ. மட்டுமே ஏறியிருந்தது. நீளமான கப்ளர் மாற்றிய பிறகு நான்கு ரேஞ்சும் +11, +12-இல் நிற்கின்றன. அப்படியானால் பெருக்க வேண்டியது 1.15 இல்லையே?

பதில் 1

ஆமாம், 1.12 போட்டுத் தொடங்குங்கள். காலிப்பரில் வந்த இரண்டு உள்விட்டங்களையும் வகுத்து வர்க்கப்படுத்தி, அதுவும் 1.12 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அப்படியே ஏற்றலாம். இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகினால் சென்சார் ஆழத்தை மறுபடி அளந்துவிட்டு ஏற்றுங்கள்.